பாட்டுத் தகடும் கோப்பு வடிவமும்

குறுந்தகட்டில் இசையை எந்த வடிவத்தில் எழுதுவது என்ற கேள்வி, அத்தகடு சந்தைக்கு வந்த முதல் 15 ஆண்டுகளில் கேட்பவர் எவருக்கும் எழவில்லை; அதில் ஒரே வடிவம்தான் இருந்தது, ஆலை எழுதியது, வாங்கியவர் கேட்டார். 1990களின் பிற்பகுதியில் வீட்டுக் கணினியிலேயே தகடு எழுத முடிந்தபோதுதான், எந்தப் பிளேயர் எதைப் படிக்கும், ஒரு தகட்டில் எத்தனை பாட்டு அடங்கும், அதற்காக ஒலி எவ்வளவு கெடும் ஆகிய மூன்றையும் ஒருங்கே எடைபோட வேண்டிய நிலை உண்டானது. இந்த எடைபோடலில் செவியின் தீர்ப்புக்குக் கிடைத்த இடம் சிறியது என்பதையும், மிக மலிவான பிளேயருக்குள் இருந்த சில்லு எதைப் படிக்க வல்லதோ அதுவே பெரும்பாலும் நிலைத்தது என்பதையும் இக்காலகட்டத்தின் வரலாறு காட்டுகிறது.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் 1979இல் கூடிப் பேசத் தொடங்கி, 1980இல் ஒரு விதிநூலை வகுத்தன. அட்டையின் நிறத்தால் அது சிவப்பு நூல் என்று பெயர்பெற்றது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகடு, இடம் வலம் என இரு தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்டுகள் என்பவை அந்நூல் விதித்த அளவுகள். மாதிரி என்பது ஒலியலையின் உயரத்தை ஒரு கணத்தில் அளந்து எழுதிய எண். பிட் என்பது அந்த எண்ணை எழுதப் பயன்படும் 0, 1 ஆகிய இரண்டில் ஒன்று. இந்த அளவுகளைப் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் வரும். அளந்த எண்களை எதையும் குறைக்காமல் வரிசையாக எழுதும் இம்முறைக்குப் பிசிஎம் என்று பெயர். கணினியில் வேவ் கோப்பு என்று வழங்குவதிலும் பெரும்பாலும் இதே எண்கள்தான் இருக்கின்றன.

44,100 என்ற எண் செவியின் தேவையிலிருந்து மட்டும் பிறந்ததன்று. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையை எண்களிலிருந்து மீட்க அதன் அதிர்வெண்ணைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். ஆகவே 40,000க்குச் சற்று மேற்பட்ட எந்த எண்ணும் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் 1970களின் இறுதியில் இவ்வளவு தரவை இடைவிடாமல் பதிவுசெய்வதற்கு வீடியோ நாடாவே கைக்கெட்டிய சாதனமாக இருந்ததால், ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி, ஒரு போலிப் படமாக அந்நாடாவில் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படத்தக்க 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள் என்று பெருக்கினால் 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள், 3 மாதிரிகள் என்று பெருக்கினாலும் அதே எண்ணே வரும். தொலைக்காட்சிக் கோடுகளின் கணக்கு இவ்வாறு இசைத்தகட்டுக்குள் புகுந்து, அந்த நாடாக்கள் வழக்கொழிந்த பின்னும் எம்பி3 கோப்பு வரை தொடர்ந்து வந்தது.

தகட்டின் கால அளவு 74 நிமிடமானதற்கு, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் ஒரே தகட்டில் அடங்க வேண்டும் என்ற விருப்பமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிலிப்ஸ் முதலில் 11.5 சென்டிமீட்டர் விட்டத்தை முன்வைத்திருந்தது. அதன் துணை நிறுவனமான பாலிகிராம் அந்த அளவில் தகடு அச்சிடும் ஏற்பாடுகளை ஜெர்மனியின் ஹனோவர் பகுதியில் முன்னதாகவே தொடங்கியிருந்ததால், அளவை 12 ஆக்கியது சோனியின் போட்டியாளரான பிலிப்ஸின் முந்துரிமையைக் கழித்துவிட்டது என்பது, தகட்டின் குறிமுறையை வடிவமைத்தவர்களுள் ஒருவரான கீஸ் இம்மிங்க் பின்னாளில் தந்த விளக்கம். சிம்பொனிக் கதை இனியதுதான் என்றாலும் வணிகக் காரணமே நம்பத்தக்கதாக இருக்கிறது. 1982 ஆகஸ்ட் 17 அன்று ஹனோவரை அடுத்த லாங்கன்ஹாகன் ஆலையில் தகடுகள் அச்சாகத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

பின்னால் வந்த குழப்பங்களுக்கெல்லாம் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு: ஆடியோ சிடியில் கோப்பு என்ற ஒன்றே கிடையாது. உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கிச் சுழன்று செல்லும் ஒரே நீண்ட பாதையும், எந்தப் பாட்டு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று கூறும் ஒரு பொருளடக்கமும் மட்டுமே அதில் இருக்கும். பாதை சிறு பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, விநாடிக்கு 75 பகுதிகளும் பகுதிக்கு 2,352 பைட்டுகளும் (ஒரு பைட் என்பது 8 பிட்டுகள்) ஒலிக்கு ஒதுக்கப்பட்டன. இதே தகட்டைக் கணினித் தரவுக்குப் பயன்படுத்த மஞ்சள் நூல் என்ற அடுத்த விதிநூல் வந்தபோது, பகுதிக்கு 2,048 பைட்டுகளே தரவுக்கு விடப்பட்டு, எஞ்சியதில் பெரும்பங்கு பிழைதிருத்தத்துக்குச் சென்றது. ஏனெனில் கீறலால் ஓர் ஒலி மாதிரி கெட்டால் முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம், கணினி நிரலில் ஓர் எழுத்து கெட்டால் அப்படி ஒப்பேற்ற வழியில்லை. அத்தரவுத் தகட்டில் கோப்புகளையும் கோப்புறைகளையும் அடுக்கும் முறையை ஐஎஸ்ஓ 9660 என்ற தரநிர்ணயம் 1988இல் வரையறுத்தது. இசையைக் கோப்பாக எழுதத் தொடங்கியவர்கள், அறியாமலே, சிவப்பு நூலை விட்டு மஞ்சள் நூலின் ஆட்சிக்குள் வந்தார்கள். பழைய சிடி பிளேயர் எம்பி3 தகட்டைக் கண்டு ஊமையாக நின்றதன் காரணம் இதுவே.

எம்பி3 பிறந்த இடம் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டீட்டர் சைட்சர், தொலைபேசிக் கம்பி வழியாகத் தரமான இசையை அனுப்ப முடியும் என்று 1970களிலேயே கருதினார்; அது இயலாத காரியம் என்று காப்புரிமை அலுவலகம் மறுத்ததை அடுத்து, தம் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கிடம் அதை ஆய்வுப் பொருளாக ஒப்படைத்தார். பிராண்டன்பர்க்கும் ஃபிராவ்ன்ஹோஃபர் ஆய்வகத்தாரும் கையாண்ட உத்தி, செவிக்கு எட்டாததை எழுதாமல் விடுவது. தவிலில் கோல் விழும் கணத்தில் அதனருகே ஒலிக்கும் மெல்லிய சுருதி காதில் விழுவதில்லை. ஓர் ஓசை மற்றோர் ஓசையை இவ்வாறு மறைப்பது ஒலிமறைப்பு எனப்படுகிறது. இசையை முதலில் 32 அலைவரிசைகளாகவும் பின்னர் 576 நுண்கூறுகளாகவும் பிரித்து, மறைக்கப்படும் கூறுகளுக்குக் குறைவான பிட்டுகளும் கேட்கும் கூறுகளுக்கு மிகுதியான பிட்டுகளும் வழங்குவதால், 14 இலட்சம் பிட்டுகள் செலவான இடத்தில் 1,28,000 பிட்டுகளைக் கொண்டே கேட்கத்தக்க ஒலி கிடைத்தது. விநாடிக்குச் செலவாகும் பிட்டுகளின் இந்த எண்ணிக்கைக்குப் பிட்வீதம் என்று பெயர். நீக்கியதை மீட்க இயலாத சுருக்கம் இழப்புள்ள சுருக்கம் எனப்படும்.

1988இல் கூடத் தொடங்கிய எம்பெக் என்ற பன்னாட்டு வல்லுநர் குழு, 1992இல் முடித்த தன் முதல் தரநிர்ணயத்தில் ஒலிக்கு மூன்று அடுக்குகளை வகுத்தது. அடுக்கு ஏற ஏறச் சுருக்கம் கூடும், கணக்கீட்டுச் சுமையும் கூடும். எர்லாங்கன் குழுவின் முறை மூன்றாம் அடுக்கானது. அன்றைய சில்லுகளுக்கு அது பளுவாகத் தோன்றியதால் தொழில்துறை இரண்டாம் அடுக்கையே விரும்பியது. 1993இல் வெள்ளை நூல் வழியாக வந்த வீடியோ சிடி, விநாடிக்கு 224 கிலோபிட் கொண்ட இரண்டாம் அடுக்கு ஒலியையே ஏற்றுக்கொண்டது. மேற்குலகம் பெரிதாகப் பொருட்படுத்தாத அந்த விசிடி, சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் வீட்டுக்கு வீடு சென்றது. வாடகைக் கடைகளில் ஒரு படத்துக்கு இரண்டு தகடு என்று விசிடி எடுத்து வந்த தமிழ்க் குடும்பங்கள், எம்பி3 என்ற பெயரைக் கேள்விப்படும் முன்பே அதன் அண்ணனைக் கேட்டுக்கொண்டிருந்தன. விசிடிக்காகப் பெருந்தொகையில் உற்பத்தியாகி விலை சரிந்த சில்லுகளின் வழித்தோன்றல்களே பின்னர் எம்பி3யையும் சேர்த்துப் படித்தன. மூன்றாம் அடுக்குக் கோப்புகளுக்கு எம்பி3 என்ற விகுதி 1995 ஜூலை 14 அன்று ஃபிராவ்ன்ஹோஃபர் ஆய்வகத்தில் முடிவானது.

ஒருமுறை எழுதத்தக்க சிடி-ஆர் தகட்டின் விதிகளை ஆரஞ்சு நூல் 1990இல் வகுத்திருந்தாலும், எழுதும் கருவி சாதாரண வீட்டுக்கு எட்டும் விலைக்கு இறங்க அந்தப் பத்தாண்டின் இறுதி வரை ஆனது. 2000ஆம் ஆண்டில் பிலிப்ஸின் எக்ஸ்பேனியம் போன்ற கையடக்கக் கருவிகள், ஆடியோ சிடி, எம்பி3 தகடு இரண்டையும் படிப்பவையாக வந்தன. இவற்றில் எதிர்பாராத ஆதாயம் ஒன்றும் கிடைத்தது. தகடு இயல்பான வேகத்தில் சுழன்றாலே விநாடிக்கு 1,53,600 பைட் தரவு வரும். 128 கிலோபிட் எம்பி3 அதில் 16,000 பைட்டையே தின்னும். ஆகவே கருவி சிறிது நேரம் படித்து நினைவகத்தை நிரப்பிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடலாம். பேட்டரி நீடிக்கும், பேருந்து குலுங்கினாலும் பாட்டு தாவாது. ஒரு மெகாபைட் நினைவகம் ஆடியோ சிடிக்கு ஏறத்தாழ 6 விநாடிக்கும், அதே நினைவகம் எம்பி3க்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் போதுமானதாக இருந்தது.

80 நிமிடத் தகடு தரவாக எழுதப்படும்போது 73 கோடி பைட்டுக்குச் சற்று மேல் கொள்ளும். 128 கிலோபிட் கோப்பு நிமிடத்துக்கு 9,60,000 பைட் எடுப்பதால், அத்தகட்டில் 768 நிமிடம், அதாவது ஏறக்குறைய 12 மணி 48 நிமிட இசை அடங்கும். ஐந்து நிமிடப் பாட்டு என்று கொண்டால் 153 பாட்டு. தமிழ்நாட்டு நடைபாதைகளில் விற்ற எம்பி3 தகடுகளின் உறையில் 150 பாடல்கள் என்ற எண் அடிக்கடி அச்சாகியிருந்தது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அதற்கு முந்தைய தலைமுறை, ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, 60 அல்லது 90 நிமிடக் கேசட்டுக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று மல்லுக்கட்டியது. எம்பி3 தகடு அந்தத் தேர்வையே தேவையற்றதாக்கியது: ஓர் இசையமைப்பாளர் அல்லது பாடகரின் பெயரும், காதல், சோகம், பக்தி என்ற வகையும் உறையில் போதும், மற்றதைத் தகடு நிரப்பிக்கொள்ளும். சென்னை பர்மா பஜார் முதல் சிற்றூர்ப் பேருந்து நிலையம் வரை பரவிய இவ்வணிகத்தின் பெரும்பகுதி உரிமம் இல்லாதது. 2004இல் தமிழக அரசு, பேச்சுவழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் சேர்த்தது. தேநீர்க் கடைக்காரருக்கும் தனியார் பேருந்து ஓட்டுநருக்கும் பிட்வீதத்தைப் பற்றிய கவலை இல்லை. காலையில் போட்ட தகடு இரவு வரை மாற்றாமல் ஓட வேண்டும் என்பதே அவர்களது தேவை, 128 அதை நிறைவேற்றியது.

பிட்வீதத்தைவிட அன்றாடம் தொல்லை தந்தது கோப்பின் பெயர். ஐஎஸ்ஓ 9660 தன் முதல் நிலையில் எட்டு எழுத்துப் பெயரும் மூன்றெழுத்து விகுதியும் மட்டுமே அனுமதித்தது. மைக்ரோசாஃப்ட் சேர்த்த ஜோலியட் என்ற விரிவாக்கம் 64 எழுத்து வரை தந்தாலும், மலிவான பிளேயர்கள் பல அதைப் படிக்கவில்லை. நீண்ட பெயரை எட்டாக வெட்டும் வழக்கமான முறை, முதல் ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு ஓர் அலைக்குறியையும் ஓர் எண்ணையும் ஒட்டுவதாகும். தமிழ்த் திரைப்பாட்டில் ‘சின்ன’ என்று தொடங்குவன எண்ணற்றவை. அச்சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் சரியாக ஆறு எழுத்து. ஆகவே அத்தகைய நான்கு பாட்டுகள் ஒரே கோப்புறையில் இருந்தால், பிளேயரின் சிறு திரையில் நான்கும் சின்ன 1, சின்ன 2, சின்ன 3, சின்ன 4 என்றே நின்றன. பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க 1996இல் உருவான ஐடி3 என்ற குறிப்புப் பட்டையும் தலைப்புக்கு 30 எழுத்தே ஒதுக்கியது; அதிலும் தமிழ் எழுத்தைக் காட்டும் பிளேயர் திரை அன்று கடைகளில் தென்படவில்லை. அனுபவசாலிகள் பெயருக்கு முன் 01, 02 என்று எண் இட்டு, தாளில் அச்சிட்ட பட்டியலை உறைக்குள் செருகி வைத்தார்கள்.

எம்பி3க்கு மாற்றாக வந்த வடிவங்களின் கதையும் பெரும்பாலும் பிளேயர்கள் படிக்காததால்தான் சுருங்கியது. மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்ட டபிள்யூஎம்ஏ, 64 கிலோபிட்டிலேயே சிடி தரம் என்ற பெருமிதத்தோடு வந்து ஓரளவு பிளேயர்களில் இடம்பிடித்தது. ஆனால் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டிட்ட அதன் கோப்புகளைத் தகட்டில் எழுதினால் சாதாரணப் பிளேயர் படிக்க மறுத்தது. சோனி, 1992இல் மினிடிஸ்குக்காக உருவாக்கிய அட்ராக் முறையின் பின்வடிவங்களைக் குறுந்தகட்டு வாக்மனிலும் புகுத்தி, 48 கிலோபிட்டில் ஒரே தகட்டில் 30 மணி நேரத்துக்கு மேல் இசையை அடக்கிக் காட்டியது. வேறு நிறுவனத்தின் கருவியில் அத்தகடு வெறும் வட்டுதான். 1998இல் ஃபிராவ்ன்ஹோஃபர் எம்பி3 காப்புரிமைக்குக் கட்டணம் கோரத் தொடங்கியதற்கு எதிர்வினையாகக் கிறிஸ் மான்ட்காமெரி முன்னின்று உருவாக்கிய ஆக் வோர்பிஸ், 2002இல் முழுமை பெற்றது; கட்டணமற்றது, குறைந்த பிட்வீதத்தில் எம்பி3யைவிடச் செம்மையானது. எனினும் பிளேயர் ஒன்றுக்கு முக்கால் டாலர் அளவில் இருந்த எம்பி3 உரிமக் கட்டணத்தை ஏற்கெனவே செலுத்திவந்த உற்பத்தியாளர்களுக்கு, கேட்பார் குறைவான இன்னொரு வடிவத்தைச் சேர்க்கும் முனைப்பு இல்லை. ஆப்பிள் 2003இல் தன் இசைக்கடையில் கைக்கொண்ட ஏஏசியும் கையடக்க வன்வட்டுக் கருவிகளில் வென்ற அளவுக்குத் தகடு பிளேயர்களில் வெல்லவில்லை. எதையும் நீக்காமல், எண்களை மட்டும் சிக்கனமாக மாற்றி எழுதும் இழப்பில்லாச் சுருக்கமான பிளாக், 2001இல் ஜாஷ் கோல்சனால் வெளியிடப்பட்டது. தகட்டின் கொள்ளளவை ஏறக்குறைய இருமடங்காக்குவதைத் தவிர அது வேறு வசதி தராததால், பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பழகியவர்களைக் கவரவில்லை. 1999இல் வந்த சூப்பர் ஆடியோ சிடியும் 2000இல் வந்த டிவிடி ஆடியோவும் சிடியைவிட நுண்மையான ஒலியை வழங்கி, ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு, ஒரு சிறு வட்டத்துக்குள் நின்றுவிட்டன.

ஒலித்தரத்தைப் பற்றிய வாதம் இக்காலம் முழுவதும் நடந்தது. அதில் பாதி கற்பனை, பாதி உண்மை. எம்பி3 இசையை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களாக, அதாவது நொடியின் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குத் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. ஒரு துண்டின் நடுவே திடீரென்று கூர்மையான ஓசை எழுந்தால், சுருக்கத்தால் உண்டான இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, ஓசைக்கு முன்னரே மெல்லக் கேட்கிறது. முன்னெதிரொலி எனப்படும் இக்குறையைச் சோதிக்கக் காஸ்டனெட் என்ற ஸ்பானியக் கைக்கட்டையின் பதிவைப் பொறியாளர்கள் பயன்படுத்தினார்கள். கர்நாடக இசையில் மிருதங்கத்தின் சாப்பு, கஞ்சிராவின் சலங்கை, கடத்தின் உலோக ஒலி ஆகியவை இதே வகையானவை. 128 கிலோபிட்டில் அவற்றின் முனை மழுங்குவதும், தம்புராவின் உயர்ந்த கார்வைகள் நீரில் நனைந்தவை போலக் குழைவதும் நல்ல ஒலிபெருக்கியில் தெரியவே செய்யும். 192க்கு ஏற்றினால் குறையின் பெரும்பகுதி மறைந்துவிடும், பாட்டு எண்ணிக்கை மட்டும் 153லிருந்து 102ஆகக் குறையும். கச்சேரிப் பதிவுகளுக்கு இதுவே நியாயமான பேரமாக இருந்தது. இசையின் சிக்கலுக்கேற்பப் பிட்டுகளைக் கூட்டிக் குறைக்கும் மாறும் பிட்வீத முறை இன்னும் மேலானது. ஆனால் தொடக்ககாலப் பிளேயர்கள் சிலவற்றில் ஓடிய நேரம் தவறாகக் காட்டப்பட்டதால், தகடு எழுதுவோர் பலர் அதை ஒதுக்கினார்கள். கச்சேரி ரசிகரைப் பாதித்த மற்றொரு குறை, கோப்பின் முன்னும் பின்னும் சுருக்கும் முறையால் சேரும் சிறு மௌனம்: ஆலாபனையும் கிருதியும் தனி ஆவர்த்தனமும் தனித்தனிக் கோப்புகளாக வெட்டப்பட்டபோது, ஒவ்வொரு வெட்டிலும் தம்புரா ஒரு கணம் அறுந்தது. ஆடியோ சிடியில் இந்த இடர்ப்பாடு இல்லை.

2000களின் பிற்பகுதியில் கார்களிலும் பேருந்துகளிலும் யுஎஸ்பி துளை வந்தபின், அதே எம்பி3 கோப்புகள் பென் டிரைவுக்கு இடம்பெயர்ந்தன. தகடு போயிற்று, 128 கிலோபிட்டும் ரோமன் எழுத்துப் பெயர்களும் அப்படியே உடன் சென்றன. 2017 ஏப்ரல் 23 அன்று எம்பி3க்கான உரிமத் திட்டம் முடிவுக்கு வந்து, அவ்வடிவம் எவருக்கும் கட்டணமற்றதானது. சிடி-ஆர் தகடுகளின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் வெளிறக்கூடியது. அவற்றில் மட்டும் பாட்டு வைத்திருப்போர் படிக்க முடிகிறபோதே வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எம்பி3யைத் திரும்ப ஆடியோ சிடியாக எழுதினாலும் நீக்கப்பட்ட ஒலி மீளாது என்பதால், ஆலையில் அச்சான ஆடியோ சிடிகளை வைத்திருப்போர் முதலில் பிளாக் வடிவில் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தி, வண்டியில் கேட்கும் எம்பி3யை அதிலிருந்து ஆக்கிக்கொள்வதே முறை.